மோடத்தில் சிவப்பு விளக்கு: ஃபைபர் அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரவு 9 மணி. பத்து காஜாவில் ஒரு தாமான். ஆன்லைனில் அசைன்மென்ட் அனுப்பிக்கொண்டிருக்கும்போது லைன் போய்விடுகிறது. மோடத்தை ஆஃப் பண்ணி, பத்து வரைக்கும் எண்ணி, மறுபடி ஆன் பண்ணுகிறீர்கள். (நானும் அதைத்தான் செய்வேன்.) சிவப்பு விளக்கு அப்படியே இருக்கிறது. புகார் செய்தால், "சோதித்துப் பார்க்கிறோம்" என்ற பதில் வருகிறது.

உங்கள் வீட்டுக்கு யாருமே வராமல் எதைச் சோதிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு வரைபடத்தை. ஆனால் அது கூகுள் மேப் மாதிரியானது அல்ல. எந்தக் கம்பி எதோடு இணைந்திருக்கிறது என்பதும் அதில் பதிவாகியிருக்கும்.

வீட்டிலிருந்து பின்னோக்கிப் போனால்

உங்கள் வீட்டு ஃபைபர் நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போவதில்லை. முதலில் வாசலுக்கு அருகிலுள்ள கம்பத்திலோ தரைக்கடியிலோ இருக்கும் ஒரு சிறிய பெட்டிக்குப் போகும். அங்கிருந்து சாலையோரக் கேபினட். பிறகு பெரிய கேபிள், கடைசியில் எக்ஸ்சேஞ்ச். நடுவில் 'ஸ்பிளிட்டர்' என்ற சின்னக் கருவி ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே ஒளியை அதுதான் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 32 வீடுகள் ஒரே இழையைப் பகிர்ந்துகொள்வதும் சாதாரணம்.

ஜி.ஐ.எஸ் எனப்படும் வரைபட மென்பொருளில் இந்த இணைப்புகள் எல்லாம் சங்கிலி போல் பதிவாகியிருக்கும். உங்கள் வீட்டைக் கிளிக் செய்து 'டிரேஸ்' கொடுத்தால், எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போகும் பாதை முழுவதும் நிறம் மாறித் தெரியும்.

இப்போது மூன்று வீடுகளிலிருந்து புகார் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் டிரேஸ் செய்து, பாதைகள் எங்கே ஒன்று சேர்கின்றன என்று பார்ப்பார்கள். மூன்றும் ஒரே ஸ்பிளிட்டரில் சேர்ந்தால் சந்தேகம் அங்கேதான் விழும். அதே ஸ்பிளிட்டரில் நான்காவது வீட்டுக்கு லைன் நன்றாக இருந்தால்? ஸ்பிளிட்டருக்கு மேலே பழுது இல்லை. கீழே தேட வேண்டும். அதனால்தான் லைன் இருக்கிற வீடும் தடயம்தான்.

கரண்ட் போனாலும் லைன் போகும், இல்லையா? அதற்கும் வழி உண்டு. உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டி மின்சாரம் அறுபடும் கடைசி நொடியில் 'எனக்குக் கரண்ட் போகுது' என்று ஒரு சமிக்ஞை அனுப்பிவிட்டுத்தான் அணையும். அது வந்தால் மின்தடை. வராமல் பெட்டி காணாமல் போனால் பெரும்பாலும் கம்பியில்தான் கோளாறு.

ஒளி சொல்லும் தூரம், மண் சொல்லும் தூரம்

பகுதி தெரிந்துவிட்டது, சரியான இடம் எது? எக்ஸ்சேஞ்சிலிருந்து இழைக்குள் ஒரு ஒளித்துடிப்பை அனுப்புவார்கள். அறுந்த இடத்தில் பட்டு அது எதிரொலித்துத் திரும்பும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க சுமார் 5 மைக்ரோ விநாடி ஆகும். போய்த் திரும்ப 41 மைக்ரோ விநாடி ஆனால், அறுந்த இடம் சுமார் 4.1 கிலோமீட்டரில் இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். அது கேபிளின் நீளம், சாலையின் நீளம் அல்ல. பின்னாளில் பழுதுபார்க்க உதவும் என்று மேன்ஹோல்களுக்குள் பல மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எந்த மேன்ஹோலில் எவ்வளவு சுருள் என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், மென்பொருள் அதைக் கழித்துச் சரியான இடத்தைக் காட்டும். எழுதாமல் விட்டிருந்தால், குழு தவறான இடத்தில் நின்று தேடும்.

பத்து காஜா சுற்றுவட்டாரத்தில் இது இன்னும் சிக்கலாகும். ஈய லம்பமும் ரப்பர் தோட்டமுமாக இருந்த நிலத்தில் இன்று செம்பனையும் தாமான்களும் இருக்கின்றன. 'சாலை ஓரத்திலிருந்து 2 மீட்டர்' என்று பழைய வரைபடம் சொன்னால், சாலையை அகலப்படுத்திய பிறகு அந்த ஓரம் எங்கே?

தரைக்கடியில் எது எங்கே போகிறது என்பதைப் பதிவுசெய்ய, நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் தேசிய அளவில் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதன் பெயர் பாடு. (2024 ஜனவரியில் உதவித்தொகைக்காக நாம் எல்லாரும் பதிந்துகொண்ட பாடு வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.) பழைய ஆவணத்தைப் பார்த்து வரைந்த கோட்டையும், குழி தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்த கோட்டையும் தனித்தனித் தரமாகவே அது பிரிக்கிறது. ஏனென்றால் வரைபடத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி ஒரு பெண் விழுந்த பிறகுதான், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்கத் தொடங்கினோம்.

'கவரேஜ் உண்டு' என்கிறது, ஆனா லைன் இல்லை!

2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டத்தின் முதல் கட்டம், 2022 முடிவுக்குள் மக்கள் வசிக்கும் பகுதிகளில் 4ஜி சேவையை 96.9 விழுக்காடாகவும், ஃபைபர் எட்டும் கட்டடங்களை 75 லட்சமாகவும் உயர்த்த இலக்கு வைத்தது. உங்கள் முகவரிக்கு என்ன சேவை இருக்கிறது என்று ஜெண்டேலா வரைபடத்தில் நீங்களே பார்க்கலாம்.

ஆனால் 'எட்டுகிறது' என்பதும் 'கிடைக்கும்' என்பதும் ஒன்றல்ல. உங்கள் தெருவில் ஃபைபர் ஓடலாம், ஸ்பிளிட்டரில் காலி போர்ட் இல்லாமல் போகலாம். சில சமயம் போர்ட் உண்மையில் காலியாகவே இருக்கும்; வீடு மாறிப்போன பழைய வாடிக்கையாளர் பெயர் பதிவில் அப்படியே இருப்பதால் 'நிரம்பிவிட்டது' என்று காட்டும். என்னைக் கேட்டால், நமக்கு அதிகம் எரிச்சல் தர வேண்டியது இதுதான். புதுக் கேபிள் போடப் பணம் வேண்டும். இதற்குத் தேவை பதிவைச் சரிபார்க்கும் ஒருவர்.

தோட்டப்புறத்தில் பிரச்சினை வேறு. சாலை வரைக்கும் கேபிள் வந்திருக்கும். அங்கிருந்து லயங்கள் வரைக்கும் இருப்பது தனியார் நிலம், உரிமையாளர் அனுமதி இல்லாமல் தோண்ட முடியாது. மென்பொருளில் அந்த இடைவெளி ஒரு சின்ன வெற்றிடம். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு, போன் டேட்டா தீர்ந்தால் அன்றைய வகுப்பு முடிந்தது.

இரண்டு லைன் எடுத்தால் போதுமா?

கடையோ கிளினிக்கோ நடத்துபவர்கள் இரண்டு நிறுவனங்களிடம் லைன் எடுப்பதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு பில் வருவதால் இரண்டு பாதை இருப்பதாக அர்த்தமில்லை. நாட்டில் நீண்ட தூர ஃபைபர் ரயில் பாதை ஓரமாகவும், தெனாகாவின் உயர் அழுத்த மின்கம்பிகளோடும் போகிறது. ஃபைபரெயில், ஃபைபர்காம் நிறுவனங்கள் அந்த வகை. ஒரே பாதையைப் பல சேவை நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு லைனும் ஒரே குழியில் போனால், மண் தோண்டும் இயந்திரம் ஒரே அடியில் இரண்டையும் அறுத்துவிடும். ஒப்பந்தம் போடும் முன் 'இரண்டு பாதையும் எங்காவது ஒன்று சேருகிறதா?' என்று கேளுங்கள். டிரேஸ் செய்தால் அவர்களால் சொல்ல முடியும்.

அடுத்த முறை புகார் செய்யும்போது 'லைன் இல்லை' என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த விளக்கு சிவப்பு, எத்தனை மணிக்குப் போனது, கரண்ட் இருந்ததா, பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். போர்ட் இல்லை என்றால், பதிவை நேரில் வந்து சரிபார்க்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்திடம் தீராவிட்டால் எம்.சி.எம்.சி எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம், அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.