டிரைவரின் இடது கால்

வண்டியில் வேறு எது கெட்டாலும் கம்பெனியைத் திட்டுவோம். கிளட்ச் கெட்டால் மட்டும் டிரைவரைத் திட்டுவோம். ‘எந்நேரமும் கிளட்ச் மேலேயே காலை வெச்சிக்கிட்டு ஓட்டறான் சார், பிளேட் எப்படித் தாங்கும்?’ திருவண்ணாமலையில் செங்கம் ரோடு, போளூர் ரோடு பட்டறைப் பக்கம் போனால் இந்த வசனம் காதில் விழும். கூடவே இன்னொன்றும் விழும்: ‘இந்த வாட்டி நல்லா ஹெவியா ஒண்ணு போட்டுடுப்பா.’

இதில் முதல் வசனம் பாதிப் பொய். இரண்டாவது முழு ஆபத்து.

குட்டியானையை எடுத்துக்கொள்வோம். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன் டீசல் என்ஜின். ஏற்ற வேண்டிய சுமை முக்கால் டன், அதாவது 750 கிலோ. ஜனங்கள் செல்லமாக யானை என்று பெயர் வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். யானையாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்! பின்பக்கப் பட்டையில் இரண்டு பிளேட் அதிகம். சைஸ் கூடின டயர். தொட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி அடைப்பு. பெரிய லாரி என்றால் டீசல் பம்ப்பைத் திருகி ‘பிக்கப்’ ஏற்றுகிற வேலையும் உண்டு. இத்தனையும் செய்துவிட்டு, உள்ளே இருக்கிற கிளட்ச் பிளேட் மட்டும் கம்பெனி சொன்ன ஆயுசுக்கு உழைக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

கிளட்ச் செய்கிற வேலை எளிமையானது. என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக உரசவிட்டு ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். உரசினால் சூடு. நின்ற வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அந்தச் சூட்டைத் தின்பது பிளேட்தான். சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை இரண்டு மடங்கானால் சூடும் குறைந்தது இரண்டு மடங்கு. மேட்டில் கிளப்பினால் உரசல் நேரம் நீளும், சூடு அதற்கும் மேலே போகும். பெரிய டயர் போட்டால் கியர் கணக்கே மாறி, பழைய சுமைக்கே கிளட்ச் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். பம்ப்பைத் திருகினால் என்ஜினின் முறுக்கு கூடும். பழைய பிரஷர் பிளேட்டின் பிடி அதற்குப் போதாமல் பிளேட் வழுக்கும். இதில் டிரைவரின் இடது கால் செய்த குற்றம் என்ன?

கால் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பவுர்ணமி அன்று ஊருக்குள் நுழைகிற ரோடுகளை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் ஜனம், ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டுகள், இன்ச் இன்ச்சாக நகரும் வரிசை. அரை கிளட்ச் போடாமல் அதில் ஓட்டிவிடுகிற சூரர் யார்? அப்படி ஓட்டினவரின் பேட்டாவில் கிளட்ச் காசைப் பிடிக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். சுமை ஏற்றச் சொன்னது ஒருவர், தண்டம் கட்டுவது இன்னொருவர்!

இப்போது அந்த ‘ஹெவியா ஒண்ணு’.

கிளட்ச்சின் பிடியைக் கூட்ட முக்கியமான வழிகள் மூன்று. பிளேட்டின் விட்டத்தைப் பெரிதாக்கலாம். அதற்கு ஃப்ளைவீலும் மூடியும் இடம் கொடுக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தைக் கூட்டலாம். பெடல் கல்லு மாதிரி ஆகும். அல்லது சாதா லைனிங்குக்குப் பதில் செராமிக் பட்டன் வைத்த பிளேட் போடலாம். அது சூட்டைத் தாங்கும், ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது, வெடுக்கென்று பிடிக்கும். கனரக லாரிகளில் கம்பெனியே அதைப் பொருத்துகிறது, தப்பில்லை. அதற்கேற்ற கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் அங்கே இருக்கின்றன. சின்ன வண்டியில் போட்டால் அந்த வெடுக் எங்கே போகும்? கியர்பாக்ஸுக்கு, ஜாயின்ட் கிராஸுக்கு, கிரவுன் வீலுக்கு. ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய செலவு அப்புறம் எங்கே போய் நிற்கும் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

காசு போனால் சம்பாதிக்கலாம். என் பயம் வேறு.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் இந்த ஊரில் பெரிய தேர் ஓடும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதற்காக முட்டுக்கட்டை போடுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோமா? வலுவான கிளட்ச் என்பது வடத்தில் ஆள் கூட்டுகிற வேலை. பிரேக் என்கிற முட்டுக்கட்டை அதே பழைய சைஸில்தான் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் மலை ரோட்டில் ஏறும்போது கிளட்ச் கருகி நாறினால், ‘இந்தச் சுமையோடு இறங்காதே’ என்று வண்டி சொல்கிறது என்று அர்த்தம். ஹெவி கிளட்ச் போட்டு நாம் அதன் வாயை அடைக்கிறோம். ஏறிவிடும். இறங்கும்போது?

இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர்நாடு பக்கம், 2022 ஏப்ரலில் கோயிலுக்கு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போன வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் செத்தார்கள். மலை ரோட்டில் சுமைக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேறு பாடம் வேண்டாம்.

‘வாடகை கட்டுப்படி ஆகலை சார். ஓவர்லோடு ஏத்தாம டியூ கட்டவே முடியாது.’ வண்டி வைத்திருப்பவர்களின் பதில் இது. அவர்கள் கஷ்டம் உண்மை. ஆனால் வாடகை ஏன் கட்டுப்படி ஆகவில்லை? இரண்டு நடையில் போக வேண்டியதை ஒரே நடையில் ஏற்றிப்போக அடுத்த வண்டிக்காரர் தயாராக நிற்பதால்தான். எல்லாரும் ஏற்றினால் வாடகை விழும். விழுந்தால் இன்னும் ஏற்ற வேண்டும். இதில் லாபம் சரக்கு அனுப்புகிறவருக்கு. வண்டிக்காரருக்கு மிஞ்சுவது கருகின பிளேட்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஓவர்லோடை அனுமதிக்கிற மாநிலங்களின் பழக்கம் செல்லாது, அதிக சுமையை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் சொல்லிவிட்டது. 2018-ல் மத்திய அரசு வரம்பையே உயர்த்தியது. பத்து டயர் லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆனது. 2019 திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு டன்னுக்கு 2,000. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரும் பொறுப்பு. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிடிக்க முடியவில்லை என்று மட்டும் அதிகாரிகள் சொல்லக் கூடாது. கரும்பு ஆலையில், அரிசி ஆலையில், கிரஷரில் சரக்கு ஏறின வண்டியை எடை மேடையில் நிறுத்துகிறார்கள். எத்தனை டன் என்று பிரிண்ட் போட்ட சீட்டு தருகிறார்கள். பணப் பட்டுவாடாவுக்கு அந்தச் சீட்டு செல்லும். சட்டத்துக்கு மட்டும் ஏன் செல்லாது? ஆர்.சி. புக்கில் உள்ள எடையைத் தாண்டினால் கேட்டைத் திறக்காதே என்று ஒரு உத்தரவு போட்டால் பாதி பிரச்னை அங்கேயே நின்றுவிடும். ரோட்டில் நின்று கை காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மீதிப் பாதி நாம். வீடு மாற்றும்போது, ‘ஒரே டிரிப்புல முடிச்சிடுங்கண்ணே’ என்று குழைகிறது யார்? 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் மாடல் குட்டியானையின் 750 கிலோ கணக்குக்கு 36 கேன்தான். உங்கள் தெருவுக்கு வருகிற வண்டியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு, அதன் ஆர்.சி. என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். வீடு கட்டுகிறவர்கள் எம்-சாண்டைக் கணக்குப் போடட்டும். ஒரு யூனிட் 100 கன அடி. சுமார் நாலரை டன். ஆறு டயர் டிப்பர் இரண்டு யூனிட் ஏற்றினாலே பெரும்பாலும் முழு லோடு. ‘மூணு யூனிட்டா அடிச்சிடுங்க, வாடகை மிச்சம்’ என்கிறோமே, அந்த மிச்சம் யார் தலையில் விடிகிறது?

வண்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கடைசியாக. கிளட்ச் மாற்றும்போது, ‘எது வலுவானது?’ என்று கேட்காதீர்கள். ‘என் வண்டிக்குக் கம்பெனி சொன்னது எது?’ என்று கேளுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் சூட்டுக் கோடு இருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். பில் தராத கடையில் டப்பாவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதுவும் சீக்கிரம் கருகினால் டிரைவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தொழிலுக்கு அதிக சுமைதான் வேண்டும் என்றால் அந்தச் சுமைக்கென்று செய்த பெரிய வண்டியை வாங்குங்கள். அதில் கிளட்ச்சும் பெரிசு; பிரேக்கும் பெரிசு.