யார் வீட்டுப் பிள்ளைக்குத் தொழில்கல்வி?

"எல்லாரும் டிகிரி படிச்சா உப்பு வார்றது யாரு? பத்தாவது முடிச்சதும் கைத்தொழில் கத்துக் குடுங்க." மரக்காணம் உப்பளத்தைப் பார்க்க வரும் பட்டணத்து நண்பர்கள் இதைச் சொல்லாமல் போவதில்லை. அவங்க பிள்ளை மட்டும் ஐ.ஐ.டி. கோச்சிங்கில் இருக்கும்.

இது புதுப் பேச்சில்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பள்ளிக்கூடம் பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில். அதுவும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது ஒழிந்தது. 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டம், குடும்பத் தொழிலுக்குப் பயிற்சியும் கடனும் 18 வயசிலேயே தருது. அது காலேஜ் சேர்ற வயசய்யா! தமிழ்நாடு அரசு அதை ஏற்காதது சரிதான். பதிலுக்கு வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்த வயது 35. அதுவும் சரி. ஆனா நடுவுல நிக்கிற பதினேழு வயசுப் பையன் எங்க போறது?

வழி இருக்கு. ஐ.டி.ஐ. முடிச்சவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ. இரண்டாம் வருஷம். பத்தாவதுக்கு மேல் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படிச்சு, பன்னிரண்டாவது தமிழும் இங்கிலீஷும் எழுதிப் பாஸானால் பிளஸ் டூவுக்குச் சமம். 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ வரைக்கும் இறக்கியாச்சு. எங்க ஊர்ப் பெற்றோரிடம் இதையெல்லாம் உக்காந்து சொல்ல ஆளில்லை. "மார்க்கு இல்லியா, ஐ.டி.ஐ. போ"ங்கிற வசவு மட்டும் தவறாம வந்து சேருது.

உப்பு வாரக் கத்துக் குடுக்கணுமாம்! தண்ணி 25 டிகிரி ஏறினா உப்பு இறங்கும், 29 தாண்டினா கசப்புத் தண்ணி, வெளியே திறந்து விடணும் என்பது உப்பளத்துப் பிள்ளைக்குப் பத்து வயசிலேயே தெரியும். அது கெமிஸ்ட்ரி. பிளஸ் ஒன் வாத்தியார் பாத்தி வரப்பில் நின்னு நடத்தட்டும், டாக்டர் பிள்ளைக்கும் சேர்த்து. அப்பன் வாருறான் நீயும் வாருன்னு சொல்றது படிப்பில்லை. ஐப்பசி மழையில் பாத்தி மூழ்கினா, அந்த மூணு மாசத்துக்கும் சேர்த்து அரசு தர்ற 5,000 ரூபாயில் வண்டி ஓட்டுற தொழில் இது. அதுக்கு எதுக்கு சர்டிபிகேட்?

மே 1-ந்தேதி கிராம சபை கூடுது. பத்தாவது ரிசல்ட் வர்ற சமயம். ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருத்தர் அங்க வந்து, எந்தப் பிரிவு, எத்தனை இடம், எந்த பஸ், அதுக்கு மேல என்ன படிக்கலாம்னு மைக்கில் சொல்லட்டும்.