சாலைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று

பூண்டியாங்குப்பத்திலிருந்து சீர்காழி அருகே சட்டநாதபுரம் வரையிலான 57 கி.மீ. நான்குவழிச் சாலை 2025 ஏப்ரல் 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் வட்டாரத்தில் லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் ஓடும் தடம் இதனால் மாறுகிறது. வண்டிப் புகையை அளப்பவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வாய்க்காது. போக்குவரத்து இடம் மாறியதும் காற்றில் என்ன மாறியது என்று யாராவது கேட்டால் நாம் எதைக் காட்டப் போகிறோம்?

நம்மிடம் குவிந்து கிடப்பவை புகைச் சான்றுகள்தான். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம் என்பதால் பெட்ரோல் பங்க் ஓரத்துச் சோதனைக் கூடங்களில் கூட்டம் கூடியது. சான்றுகள் கூடின என்பதாலேயே புகை குறைந்தது என்று எழுதிவிட முடியாது. பெட்ரோல் வண்டியில் நாம் பார்ப்பது, ஐட்லிங்கில் வரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசல் வண்டியில் பார்ப்பது புகையின் அடர்த்தி: பழைய வண்டிக்கு மீட்டருக்கு 2.45, பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ் 4) வண்டிக்கு 1.62, பி.எஸ்.-6க்கு 0.7. நைட்ரஜன் ஆக்சைடுகள் இந்தச் சோதனையில் எங்கும் இல்லை. 2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் ஃபோக்ஸ்வேகன் கார்களில் கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பிடிபட்டது அதே நைட்ரஜன் ஆக்சைடுதான். துகள் வடிகட்டி பொருத்திய டீசல் வண்டியில் வடிகட்டி உடைந்திருந்தாலும் நம் புகைமானி அதைக் கவனிக்காமல் போகக்கூடும். அதனால்தான் நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023 முதல் துகள்களை எண்ணும் கருவிக்கு மாறிவிட்டன.

இருக்கும் சோதனையையாவது ஒழுங்காகச் செய்கிறோமா? குழாயை சைலன்சருக்குள் 30 செ.மீ. ஆழம் விடாவிட்டால் வெளிக்காற்று கலந்து அளவு குறைந்து காட்டும். டீசல் வண்டியில் எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரே மூச்சில் கடைசிவரை மிதிக்க வேண்டும். பாதி மிதித்தால் பாதிப் புகைதான் வரும். அப்படி வந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு கொள்கையை எடை போடுவது சரியில்லை.

பி.எஸ்.-6 இன்னொரு சிக்கல். அது 2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கியது. அந்த ஆண்டை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு எரிபொருள் தரத்தின் வெற்றி என்று கட்டுரை அனுப்புகிறவர்களை இந்த இதழ் திருப்பி அனுப்பும். டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10க்கு இறங்கியதன் பலன் எல்லா வண்டிக்கும் உண்டு. புதிய எஞ்சினின் பலன் புதிதாக வாங்கிய வண்டிக்கு மட்டும்தான். பழைய லாரி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆகவே சாலையோரத்தில் அளந்தாக வேண்டும். இங்கே கடலூர் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. கடலூர்–சிதம்பரம் சாலை ஏறக்குறைய கடற்கரைக்கு இணையாகவே தெற்கே இறங்குகிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து சாலையைக் குறுக்காகக் கடக்கும். விடியற்காலையில் நிலக்காற்று எதிர்த்திசையில் கடக்கும். சாலைக்குக் கிழக்கே ஒரு கருவி, மேற்கே ஒரு கருவி. இரண்டும் ஒரே நேரத்தில் காட்டும் அளவுகளின் வித்தியாசம்தான் சாலை சேர்த்த மாசு. மழை, போகிப் புகை போன்றவை இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே பாதிப்பதால் கணக்கில் பெரும்பாலும் கழிந்துவிடும். காற்று சாலையை ஒட்டியே வீசும் நேரங்களை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

எதை அளப்பது என்பதில் கவனம் வேண்டும். பி.எம்.10ஐ நம்பினால் கடல் உப்பையும் சாலைப் புழுதியையும் வண்டியின் கணக்கில் ஏற்றிவிடுவோம். நைட்ரஜன் டை ஆக்சைடு மட்டும் போதாது. சைலன்சரிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனோடு வினைபுரிந்த பிறகே அது டை ஆக்சைடாகிறது. மொத்த நைட்ரஜன் ஆக்சைடும் கரும்புகைக் கரியும் சேர்த்து அளந்தால்தான் டீசலின் பங்கு தெரியும். விலை மலிந்த ஒளிவழி சென்சார்களைக் கார்த்திகை ஈரத்தில் அப்படியே நம்பக் கூடாது. ஈரம் ஏறிய துகள் பருத்து, அளவைக் கூட்டிக் காட்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு இங்கே பெரும்பாலும் ஈச்சங்காடு, சிப்காட் என்று ஆலைகளைப் பார்த்தே அமைந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 2004இல் சிப்காட் கிராமத்து மக்களே பக்கெட்டில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, ஆலைகளின் நச்சு வாயுக்களை ஊரறியச் செய்தார்கள். அந்தத் துணிவு பிறந்த மாவட்டத்தில், படிப்பும் கருவியும் உள்ள நாம் சாலையை அளக்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிதம்பரம் தேரோடும் வீதிகளிலோ, திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையப் பகுதியிலோ, பழைய நெடுஞ்சாலை ஓரத்திலோ 2025 ஏப்ரலுக்கு முன் எடுத்த அளவீடுகள் யாரிடமாவது இருந்தால், எம்.இ. ஆய்வேட்டின் பின்னிணைப்பாக இருந்தாலும் சரி, எங்களுக்கு அனுப்புங்கள். கருவியின் பெயர், அளவு திருத்திய நாள், சாலை விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர், காற்றுத் திசை, மணிவாரி வண்டி எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அதே இடங்களில் மறுபடி கருவி வைக்க முன்வருகிறவர்களோடு இந்தத் தரவைப் பகிர்ந்துகொள்வோம்.