பர்மாத் தமிழருக்கு நாம் செய்யத் தவறியது

'பராசக்தி' நீதிமன்ற வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கதையின் அண்ணன் தம்பி மூவரும் ரங்கூனில் பிழைத்தவர்கள், ஜப்பான்காரன் குண்டு போட்டதால் சிதறிப்போனவர்கள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்? 1952இல் படம் பார்த்தவர்களுக்கு ரங்கூன் தெரிந்த ஊர். தெருவுக்கு ஒருவராவது அங்கே போயிருந்தார். இரண்டே தலைமுறையில் அந்த ஊரை மறந்தோம். அங்கேயே தங்கிவிட்ட நம் மக்களையும் சேர்த்து மறந்தோம்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் தெலுங்கர்கள் மூட்டை தூக்கினார்கள். தமிழர்கள் வயலிலும் அரிசி ஆலையிலும் உழைத்தார்கள்; நம் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். 1941 டிசம்பர் 23இல் குண்டு விழுந்ததும் காசுள்ளவர்கள் கப்பலுக்கும் விமானத்துக்கும் வழி தேடிக்கொண்டார்கள். கூலிகள் நடந்தார்கள். அரக்கான் மலை வழியாகவும் எல்லை ஊரான தமு வழியாகவும் லட்சக்கணக்கானோர் நடந்ததில் காலராவுக்கும் பசிக்கும் பல்லாயிரம் பேர் பலியானார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை இன்று போட்டோ எடுக்கிறோம். அந்த நடைவழியில் செத்தவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள்கூட நாம் ஒதுக்கியதில்லை.

அடுத்த அலை, ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த 1962க்குப் பிறகு. கடைகள் அரசுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மூன்று லட்சம் அளவிலான இந்தியர்கள் வெளியேறினார்கள். ரங்கூன் துறைமுகச் சோதனையில் நகை நட்டெல்லாம் பறிபோன கதையைச் சென்னையில் இறங்கிய பெண்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியாசர்பாடியிலும் திருச்சியிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 1969இல் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார் வந்தது. அங்கே ஃபாரின் டேப்ரிக்கார்டருக்குப் பேரம் பேசினோம். தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டோம்: நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்துங்க அண்ணே" என்று கேட்டோம். "அங்கே உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ரங்கூனின் இன்றைய பெயர் யாங்கோன்; அதன் அனோரதா சாலையில் 1871இல் தமிழர் கட்டிய காளி கோயிலில் இப்போதும் பூஜை நடக்கிறது. அறுபதுகளில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதோடு தமிழ்ப் பள்ளிகள் போயின. கோயிலை ஒட்டிய வகுப்புகளில்தான் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே அங்கிருந்த இனங்களையே மண்ணின் மக்களாக ஏற்றது. மற்றவர்களை இணைக் குடிமக்கள், இயல்புரிமைக் குடிமக்கள் என்று தரம் பிரித்தது. போரிலும் தீயிலும் காகிதத்தைத் தொலைத்தவர்கள் எதிலும் சேராமல் அயலார் பதிவு அட்டையோடு நின்றார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கிழவராகி, அயலார் என்ற அட்டையோடே காலமானவர்கள் உண்டு. இது நம் பத்திரிகைகளில் தலையங்கமாகியிருக்க வேண்டும். எழுதும் தொழிலில் இருக்கும் நாங்கள் அதைச் செய்யவில்லை.

அறுபதுகளில் நாடு திரும்பிய பின் பிழைக்க வழியின்றி மறுபடியும் பர்மாவுக்கே நடந்தவர்களை எல்லையில் தடுத்தார்கள். அவர்கள் மணிப்பூரின் மோரேயில் தங்கி, அங்கே ஒரு சின்னத் தமிழூரே உருவாயிற்று. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமு போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாள் செய்தியோடு அடங்கிவிட்டது. 2023 மணிப்பூர்க் கலவரத்தில் அங்கே தமிழர் வீடுகளும் எரிந்தன.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் பட்டியலிட்டபோது ஈழத்தமிழர் எங்கே என்று உரக்கக் கேட்டோம். கேட்டது சரி, இன்னும் கேட்க வேண்டும். ஆனால் பர்மா என்ற பெயர் நம் மேடைகளில் அரிதாகவே ஒலித்தது. 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு, 2024இல் கட்டாய ராணுவச் சேவையும் வந்து இளைஞர்கள் யாங்கோனை விட்டு ஓடுகிறார்கள். அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எல்லை தாண்டி வருகிறவர், பர்மியரோ தமிழரோ ரோஹிங்கியாவோ, சட்டத்தின் முன் அத்துமீறி நுழைந்தவர்தான். இதில் நம்மவருக்கு மட்டும் கதவைத் திறக்கக் கேட்பது நியாயமாகாது. எல்லோருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வியாசர்பாடியிலோ உங்கள் ஊர் பர்மா காலனியிலோ அறுபதுகளில் கப்பலில் வந்த பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த மாதமே போய்ப் பேசுங்கள், சொல்வதை எழுதி வையுங்கள். யாங்கோன் தமிழரின் குடியுரிமை பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் போடுங்கள்.