5 நிமிஷத்தில் கடலுக்குள் போன படகு! ஆளை விழுங்குவது அலையா... அடியில் இருக்கிற ஓட்டையா?

2022-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவுக்கு தென்கிழக்கே சுமார் 450 கடல் மைல் தூரத்தில் நடுக்கடல். பின்லாந்தைச் சேர்ந்த டாபியோ லெக்டினென் என்ற 64 வயது மாலுமி, 'ஆஸ்டீரியா' என்ற தனது பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றும் போட்டியில் போய்க் கொண்டிருந்தார்.

தூங்கிக் கொண்டிருந்தவர் பலத்த சத்தம் கேட்டு எழுந்தார். கீழே முழங்கால் அளவுக்குத் தண்ணி!

மளமளவென்று உயிர்காக்கும் உடையை மாட்டிக்கொண்டு மிதவைக்குத் தாவினார். சுமார் 5 நிமிஷம்தான். படகு பின்பக்கமாக இறங்கி கடலுக்குள் போய்விட்டது. ஒரு நாள் முழுக்க மிதவையில் தத்தளித்த அவரை, அதே போட்டியில் வந்த தென் ஆப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நியூஷாபர் தனது படகைத் திருப்பிக்கொண்டு வந்து காப்பாற்றினார். பிறகு 'தர்யா காயத்ரி' என்ற சரக்குக் கப்பலில் அவர் ஏற்றப்பட்டார். போட்டியிலும் கடைசியில் ஜெயித்தது கிர்ஸ்டன்தான். நம்ம நாட்டு முன்னாள் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி 2-வது இடம் பிடித்தார்.

அது என்ன சத்தம், தண்ணி எந்த வழியாக வந்தது என்பது இன்றுவரை மர்மம்தான். சாட்சி சொல்ல வேண்டிய படகே கடலுக்கு அடியில் கிடக்கிறது.

பள்ளமும் ஓட்டையும்

நம்ம ஊர் கட்டுமரத்தில் போனவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. நாலைந்து மரத்தைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது கட்டுமரம். அலை மேலே ஏறினால் மரங்களுக்கு இடையிலே இறங்கிவிடும். அதற்கு 'உள்ளே' என்று ஒன்று இருந்தால்தானே தண்ணி நிற்க!

பாய்மரப் படகு அப்படி இல்லை. பின்பக்கம் சுக்கான் பிடிக்கிறவர் உட்கார ஒரு பள்ளம் இருக்கும். காக்பிட் என்பார்கள். பெரிய அலை ஒன்று பின்னால் இருந்து ஏறினால் அந்தப் பள்ளம் தொட்டி மாதிரி நிரம்பிவிடும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்று வைத்தாலே 1 டன் தண்ணி. அதுவும் படகின் வால் பக்கத்தில்! வால் தாழ்ந்தால் அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும். மூன்றாவது அலைக்குப் படகு தாங்குமா என்பது சந்தேகம்தான்.

அதனால்தான் பள்ளத்தின் தரையில் வடிகால் ஓட்டை வைக்கிறார்கள். உலக பாய்மரப் படகு சம்மேளனத்தின் விதிப்படி, தூரக் கடலுக்குப் போகும் படகு எட்டரை மீட்டருக்கு மேல் நீளம் என்றால் 20 மில்லிமீட்டர் குறுக்களவில் 4 ஓட்டையாவது வேண்டும். அதைவிடச் சின்ன படகு என்றால் 25 மில்லிமீட்டரில் 2 ஓட்டை. பள்ளத்தின் தரை, கடல் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். எவ்வளவு உயரம்? தண்ணீரைத் தொடுகிற நீளத்தில் நூற்றுக்கு 2 பங்கு. 10 மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர். ஒரு சாண் அளவுதான். ஆளும் சாமானும் அதிகமாக ஏற்றினால் இந்த ஒரு சாணும் போச்சு. வடிய வேண்டிய ஓட்டை வழியாகவே கடல் உள்ளே எட்டிப் பார்க்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. பாயில் காற்று அடித்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கத்து ஓட்டை கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். அதற்காகப் பழைய படகுக்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். இடதுபக்க ஓட்டையின் குழாயை வலதுபக்கம் கொண்டுபோய் வெளியே விடுவது, வலதுபக்கக் குழாயை இடதுபக்கம் விடுவது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தாழ்ந்த மூலையின் குழாய் வாய் எதிர்ப்பக்கத்தில் உயர்ந்து நிற்கும். கடல் திரும்பி வராது. இப்போது வருகிற பல படகுகளில் பின்பக்கத்தையே திறந்து விட்டுவிடுகிறார்கள். ஏறிய அலை வந்த வழியே போய்விடும். கட்டுமரத்துக்காரன் எப்போதோ கண்டுபிடித்த விஷயம்!

நிமிஷத்துக்கு 15 குடம்

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பழைய மாதிரிப் படகுகளில் இந்த வடிகால் குழாய் பல நேரம் படகின் அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு கடல் மட்டத்துக்குக் கீழேதான் வெளியே வரும். இதுபோக கழிவறைக்கு ஒன்று, சமையல் தொட்டிக்கு ஒன்று, எஞ்சினைக் குளிரவைக்க கடல் தண்ணி எடுக்க ஒன்று, ஆழம் பார்க்கும் கருவிக்கு ஒன்று... நடுத்தரப் படகில் ஏழெட்டு ஓட்டை சர்வ சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, வால்வில் ஒரு ரப்பர் குழாய், குழாயைப் பிடிக்க ஒரு கிளிப். கடலுக்கும் மனுஷனுக்கும் நடுவே நிற்பது அந்தக் கிளிப்தான்.

அது கழன்றால் என்ன ஆகும்? ஒன்றரை அங்குல ஓட்டை, அதாவது வீட்டு சமையல் மேடைத் தொட்டியின் கழிவுக் குழாய் அளவு. அது கடல் மட்டத்துக்கு 2 அடி கீழே இருந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 150 லிட்டர் உள்ளே பாயும். 10 லிட்டர் குடத்தில் 15 குடம். இதே வேகம் நீடித்தால் ஒரு மணி நேரத்தில் 9 ஆயிரம் லிட்டர். சென்னையில் தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரியில் ஒரு முழு லோடு! உள்ளே தண்ணி ஏற ஏற வேகம் குறையும் என்பது உண்மைதான். அதற்குள் பேட்டரி நனைந்து, பம்பும் வயர்லெஸ்சும் போயிருக்கும். கையால் அடிக்கிற பம்பில் ஒரு ஆள் எத்தனை நேரம் 15 குடத்தோடு போட்டி போட முடியும்?

ஆனால் இந்தக் கணக்கே இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. 5 நிமிஷத்தில் 150 லிட்டர் வீதம் என்றால் 750 லிட்டர்தான் வரும். அதில் 'ஆஸ்டீரியா' மூழ்காது. அங்கே திறந்தது இதைவிடப் பெரிய வழி என்பது மட்டும் நிச்சயம்.

பித்தளை செய்யும் துரோகம்

வால்வு எந்த உலோகம் என்பதில்தான் பெரிய வில்லங்கம். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். உப்புத் தண்ணியில் கிடந்தால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். பஞ்சு மாதிரி செம்பு மட்டும் மிஞ்சும். பார்வைக்கு வால்வு முழுசாகவே தெரியும். சுரண்டினால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது கழுத்தோடு கையில் வந்துவிடும். கரை மின்சாரக் கசிவு இருந்தால் இந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வெண்கல வால்வு, துத்தநாகம் கரையாதபடி தயாரித்த தனி ரகப் பித்தளை, கண்ணாடி நார் கலந்த நைலான் வால்வு என்று நல்ல சரக்கு கிடைக்காமல் இல்லை. கொஞ்சம் விலை கூட. அவ்வளவுதான். ஆனால் 1994-ல் வந்த சர்வதேசத் தர விதியே, வால்வு 5 வருஷம் பழுதில்லாமல் தாங்கினால் 'அரிப்பைத் தாங்கும் பொருள்' என்று ஏற்றுக்கொண்டது. படகு ஓடுவது 30, 40 வருஷம். மீதி வருஷத்துக்கு யார் ஜவாப்தாரி? இந்தச் சலுகையால் சாதாரணப் பித்தளை வால்வோடு புத்தம் புதுப் படகுகளே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன.

வடிகால் வால்வுக்கு இன்னொரு தலைவிதி. மற்ற வால்வுகளை வேலை முடிந்ததும் மூடலாம். இதை மூட முடியாது. மூடினால் பள்ளத்தில் மழைத் தண்ணி தேங்கிவிடும். வருஷக்கணக்கில் திறந்தே கிடந்து இறுகிப் போகும். அவசரத்துக்குத் திருப்பினால் அசையாது. விவரம் தெரிந்தவர்கள் மாதம் ஒரு தடவையாவது திருப்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் அந்த ஓட்டைக்குச் சரியான மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். உடைந்தால் ஆப்பை வைத்து ஓங்கி ஒரு அடி. இதுவும் தூரக் கடல் போட்டிகளுக்குக் கட்டாய விதி. ராக்கெட் விடுகிற காலத்திலும் மரக்கட்டைதான் துணை.

கட்டிப்போட்ட படகே மூழ்குகிறது

அமெரிக்காவில் 'போட்யு.எஸ்.' என்ற படகு உரிமையாளர் சங்கம் இன்சூரன்ஸ் கேஸ்களை அலசிப் பார்த்தது. ஓடும்போது ஒரு படகு மூழ்கினால், கட்டிவைத்த இடத்தில் 4 படகு மூழ்குகிறது என்று தெரியவந்தது. அலையும் இல்லை, புயலும் இல்லை. வடிகாலில் இலை அடைத்துக்கொண்டு மழைத் தண்ணி நிற்பது, கிளிப் துருப்பிடித்து அறுவது போன்ற சில்லறை விஷயங்கள்தான் படகைச் சாய்க்கின்றன.

பணம் இருந்தால் மட்டும் தப்பிக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 19-ந் தேதி இத்தாலியின் சிசிலி தீவு அருகே நங்கூரம் போட்டு நின்ற 56 மீட்டர் நீள சொகுசுப் பாய்மரக் கப்பல் 'பயேசியன்' சூறைக்காற்றில் சாய்ந்து மூழ்கியது. கம்ப்யூட்டர் கோடீஸ்வரர் மைக் லிஞ்ச், அவர் மகள் உள்பட 7 பேர் பலி. அங்கே வால்வு உடையவில்லை. வலதுபக்கக் கைப்பிடிக் கம்பி முங்கும் வரை உள்ளே தண்ணி வந்ததாகத் தெரியவில்லை, முங்கியதும் சில நொடிகளில் படிக்கட்டு வழியாக உள்ளே கொட்டியது என்று இங்கிலாந்து விசாரணைக் குழுவின் 2025 இடைக்கால அறிக்கை சொல்கிறது.

இந்தப் பக்கம் பார்த்தால், புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் கிளம்பி, 56 அடி நீள 'தாரிணி' பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி 2025 மே 29-ந் தேதி பத்திரமாகத் திரும்பினார்கள். ரெண்டே பேர். 8 மாசம். அடியில் இருக்கிற ஒவ்வொரு குழாயையும் பார்த்துக்கொள்ள அவர்களைத் தவிர நடுக்கடலில் வேறு ஆள் கிடையாது. மாலை போட்டு வரவேற்றவர்கள் அலையைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள்.

விசைப்படகுக்கும் இதே கதைதான்

இதெல்லாம் பாய்மரப் படகுக்காரர் சமாசாரம் என்று காசிமேட்டிலோ தேங்காய்த்திட்டிலோ இருக்கிறவர்கள் ஒதுக்கிவிட முடியாது. விசைப்படகில் புரொப்பெல்லர் தண்டு வெளியே வருவதும் தண்ணிக்கு அடியில் உள்ள ஓட்டை வழியாகத்தான். கடல் தண்ணி எடுக்கிற குழாய் இருந்தால் அங்கே ஒரு வால்வும் உண்டு. படகுக்கு பெயிண்ட் அடிக்க, பேர் எழுத, பூஜை போட தாராளமாகச் செலவழிக்கிற ஓனர்கள், இந்த வால்வு விஷயத்தில் மட்டும் "போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். கடலுக்குப் போகிறவன் கூலித் தொழிலாளி. வால்வை வாங்குகிறவர் கரையில் இருக்கிறவர்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகைக் கரையேற்றி அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற சமயம் அது. வால்வின் மேல் இருக்கிற பாசியையும் பெயிண்டையும் சுரண்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். மஞ்சள் தெரிந்தால் சரி. இளஞ்சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே கழற்ற வேண்டியதுதான். தடை முடிந்து படகு தண்ணியில் இறங்கிவிட்டால், மறுபடி கரையேற்றும் வரை அந்த இடம் யார் கண்ணிலும் படாது.