மருந்தடிக்கிற மகராசன்களே, ஒரு நிமிஷம்!

எங்க அப்பார்ட்மெண்டுல ஒரு வீட்டுல, பழைய ஏசி பைப்புக்குப் போட்ட ஓட்டையை அடைக்காம விட்டிருந்தாங்க. அது வழியா ஒரு தேனீக் குடும்பம் உள்ளே போய் பரணுக்குப் பின்னாடி குடியேறிடுச்சு. அந்த வீட்டக்கா அலறின அலறல்ல அசோசியேஷன் ஆளு போனைப் போட, முகமூடி மாட்டின ரெண்டு பேர் வந்து மருந்தடிச்சு, காசை வாங்கிக்கிட்டு, "முடிஞ்சுது சார்"னு கிளம்பிட்டாங்க.

எங்கே முடிஞ்சுது? ஒரே வாரத்துல சுவர் இடுக்குலேர்ந்து தேன் ஒழுகுது. நாத்தம் தாங்கலை. எறும்புப் படை வேற.

இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லைங்க. கூட்டுக்குள்ள சூட்டைக் குறைக்கிறதே தேனீக்கள்தான், சிறகை விசிறி. அதுங்க செத்துட்டா அடை இளகும், தேன் வழியும், புழுக்கள் அழுகும். அக்கம்பக்கத்துத் தேனீக்கள் அந்த விஷத்தேனைத் திருடிக்கிட்டுப் போய் அதுங்களும் சாகும். ஈயைக் கொன்னீங்க, வீட்டை சுத்தம் பண்ணலையே!

"குழந்தைங்க இருக்கற வீடு, கொட்டினா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. வீட்டுக்குள்ள கூடு இருக்கக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். சிலருக்கு ஒரே கொட்டுல உயிருக்கே ஆபத்தாகும். ஆனா எடுக்கறது வேற, கொல்றது வேற.

பொந்துல, சுவருக்குள்ள கட்டறது பெரும்பாலும் நம்ம அடுக்குத் தேனீ. பெட்டியில வளர்க்கற அதே ஜாதி. நூறு வருஷத்துக்கும் முன்னாடியே திருச்சியில நியூட்டன் பாதிரியார் இதுக்குன்னு ஒரு பெட்டி வடிவமைச்சார். இன்னிக்கும் அதுக்கு நியூட்டன் பெட்டின்னுதான் பேர். மார்த்தாண்டத்துல ஸ்பென்சர் ஹாட்ச் ஆரம்பிச்ச ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேனீ வளர்ப்பை ஏழை விவசாயிக்குத் தொழிலா சொல்லிக் கொடுத்துச்சு. 1990-களின் தொடக்கத்துல வைரஸ் நோய் வந்து தென்னாட்டுல இந்த ஈக்கள் கொத்துக் கொத்தா அழிஞ்சுது. அதுல பிழைச்சு வந்த வம்சத்தைத்தான் ஸ்ப்ரே அடிச்சுத் தீர்க்கறோம்.

தெரிஞ்சவர் வந்தா வேலை எப்படி நடக்கும் தெரியுமா? லேசாப் புகை காட்டி, பலகையைத் திறந்து, அடைகளை ஒவ்வொண்ணா அறுத்து சட்டத்துல கட்டிப் பெட்டியில வைப்பார். ராணி பெட்டிக்குள்ள போயிட்டா மத்ததும் பின்னாலேயே போகும். வெளியே போன ஈக்கள் திரும்பி வரட்டும்னு இருட்டற வரைக்கும் காத்திருந்து, பெட்டியை சில கிலோமீட்டர் தள்ளிக் கொண்டு போயிடுவார். பக்கத்துலயே வச்சா பழைய இடத்துக்கே திரும்பிடுமே! அப்புறம் மெழுகு வாசனை போகச் சுரண்டி, ஓட்டையை அடைக்கணும். இல்லாட்டி அடுத்த கூட்டம் மோப்பம் பிடிச்சு வந்துடும்.

பால்கனிக்கு மேல பெரிய ஒத்தை அடையாத் தொங்கறது மலைத்தேனீ. அது கதை வேற. பெட்டியில அடங்காது, கோபக்காரி. ஆனா அது நிரந்தரக் குடித்தனம் இல்லை. பூ முடிஞ்சா தானே கிளம்பிடும். அது வரைக்கும் ராத்திரி அந்தப் பக்கம் விளக்கை அணைச்சு, கதவைச் சாத்தி வைங்க. ஆள் நடமாடற இடம்னா மட்டும் விவரம் தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க. தீப்பந்தம் எல்லாம் வேண்டாம் சாமி.

ஆளுக்கு எங்கே போறதுன்னு கேக்காதீங்க. இதே பெங்களூர்ல ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்துல தேனீ வளர்ப்புக்குன்னே தனித் துறை இருக்கு. அங்கே விசாரிக்கலாம்.

அடுத்த தடவை போன் பண்ணும்போது, "எவ்வளவு ஆகும்?"னு கேக்கறதுக்கு முன்னாடி, "உயிரோட எடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா போனை வச்சிடுங்க.

நாமளும் பொட்டி தட்டிப் பிழைக்கத்தானே ஊரை விட்டு இங்கே வந்தோம்? அதுக்கும் ஒரு பொட்டி கொடுத்தா என்னவாம்!