விதைக்கும் ஒரு நிலம் உண்டு

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் எனக்கு அக்காள் முறையான ஒருத்தி, ஆறாண்டுகள் மாசிலாமணீசுவரர் கோயிலைச் சுற்றினாள். மருத்துவமனைக்கும் அவளே நடந்தாள். தெரு அவளுக்கு இட்ட பெயர் 'மலடி'. (இதன் ஆண்பாற்சொல் அகராதியிலேயே உறங்குகிறது!)

"விதை ஆண், நிலம் பெண், விளையாவிட்டால் நிலந்தானே குற்றம்?" என்பார்கள் பெரியவர்கள். விலங்கியல் பயிலும் எனக்கு இது ஏற்கவில்லை. அந்த விதையே ஆணின் உடலுக்குள் ஒரு நிலத்தில் விளைவதன்றோ? விந்தகத்தின் நுண்குழல்களில் மூல உயிரணுக்கள் உள்ளன. அவற்றைத் தாங்கி ஊட்டுபவை, 1865-இல் இத்தாலியர் செர்டோலி விவரித்த செவிலி உயிரணுக்கள். இவை சுரக்கும் ஜி.டி.என்.எஃப். என்னும் புரதம் குறைந்தால் மூல அணுக்கள் தீர்ந்துபோகும். மிகுந்தாலோ முதிராமல் குவிந்து கிடக்கும்.

2000-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பிரின்ஸ்டர் குழுவினர், செவிலி அணுக்கள் பழுதான ஒரு மலட்டுச் சுண்டெலியின் மூல அணுக்களை எடுத்து, செவிலி அணுக்கள் நலமாயிருந்த இன்னொரு மலட்டு எலிக்குள் செலுத்தினர். அந்த எலி தந்தையாயிற்று! விதையில் பழுதில்லை, ஆணுக்குள் இருந்த நிலத்தில்தான் பழுது.

முதல் நாளே இருவரையும் சோதித்தால் என்ன குறைந்துவிடும்? ஏழாம் ஆண்டில்தான் அத்தான் இசைந்தார். குறை அவரிடம் இருந்தது. அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அக்காளுக்கு இட்ட பெயரை மட்டும் தெரு இன்னும் திரும்பப் பெறவில்லை.